வெதுவெதுப்பு நெவில்

இங்கிலாந்தின் வடக்கே உள்ள கீத்லியில் குளிர்காலத்தில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். சுவரோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சூடு தாங்காமல் கை வெடுக்கென்று பின்னால் வந்தால் திருப்தி. கை அங்கேயே நின்றுவிட்டால் போச்சு, பாய்லர் கெட்டுவிட்டது, ஆளைக் கூப்பிடு என்று ஆரம்பித்துவிடுவார்கள். வீடு உண்மையில் எப்படி இருக்கிறது என்பதில் யாருக்கும் அக்கறை கிடையாது. சட்டைக்குள் வியர்வை வழிந்துகொண்டிருக்கும், ஆனாலும் அந்த இரும்புத் தகடு சுடவில்லையே என்று புலம்புவார்கள். நெவில் அக்ராய்ட் தன் ஆயுசில் பெரும்பகுதியை இந்தக் கையோடு மல்லுக்கட்டியே கழித்தார்.

தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் கேஸ் பாய்லரை வீடுகளுக்கு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். ஆரம்பத்தில் அவரும் ஊரோடு ஒத்துத்தான் போனார். இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு ஒரு சத்திரத்துக்கே போதுமான பாய்லரை மாட்டிவிட்டு வருவார். பெரிதாகப் போட்டதற்காக இந்தத் தொழிலில் எவனும் திட்டு வாங்கியதில்லை. சூடு போதவில்லை என்றால்தான் திட்டு. ஆனால் பழுது என்று மறுபடி மறுபடி கூப்பிட்ட வீடுகளெல்லாம் அந்தப் பெரிய பாய்லர் வீடுகளாகவே இருந்தது அவருக்கு உறுத்தியது. ஒருநாள் ஒரு வீட்டுச் சமையலறையில் டீ ஆறிப்போகும்வரை சும்மா உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பாய்லர் பற்றிக்கொண்டது, உறுமியது, அணைந்தது. சற்று நேரத்தில் மறுபடி பற்றிக்கொண்டது, அணைந்தது. நாள் முழுக்க அதே கூத்து.

குழம்பு கொதித்ததும் தீயைக் குறைத்து சிம்மில் வைக்கிறோம் அல்லவா, நல்ல பாய்லரும் அப்படித் தன் தீயைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் எந்த பாய்லருக்கும் ஒரு அளவு உண்டு, அதற்குக் கீழே குறைக்கத் தெரியாது. வீட்டுக்குத் தேவையான சூடு அந்த அளவுக்கும் கீழே இருந்தால், அதற்குத் தெரிந்த ஒரே வழி அணைந்து அணைந்து எரிவதுதான். ஒவ்வொரு முறை பற்றும்போதும் விசிறி, தீப்பொறி முனை, கேஸ் வால்வு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கேஸும் வீணாகும். தீ சின்னதாகவும் விடாமலும் எரிந்து, தண்ணீர் வெதுவெதுப்பாகவே சுற்றி வந்தால், புகையோடு ஓடப் பார்க்கும் நீராவிகூட உள்ளேயே குளிர்ந்து தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகும். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நெவில் போகிற வீட்டிலெல்லாம் தீயைக் குறைத்து வைக்க ஆரம்பித்தார். நாள் முழுக்க மெல்ல எரியட்டும், தொட்டு விளையாடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவார்.

சொன்னால் கேட்கிற ஜனமா? அவர் வேன் தெருமுனை திரும்புவதற்குள் கை ரேடியேட்டருக்குப் போய்விடும்.

"நெவில், நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து எல்லாம் செத்துக் கெடக்குப்பா."

"வீட்டுக்குள்ள குளிருதா?"

"குளிரல. ஆனா ரேடியேட்டர் சுடலியே."

"ரேடியேட்டர் மேல முட்டையா பொரிக்கப் போற?"

தெருமுனை பப்பில் அவருக்கு வைத்த பெயர் வெதுவெதுப்பு நெவில். "அவனுக்கு பீர் ஊத்தும்போது பாத்து ஊத்து, அதையும் சிம்முல வைக்கச் சொல்லுவான்" என்று கேலி செய்வார்கள். அவரும் கூடச் சிரித்துக்கொண்டு குடித்துவிட்டு வருவார். ஆனால் மறுநாள் எவன் கூப்பிட்டாலும் தீயைக் கூட்டி வைக்கமாட்டார். வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்பார். அந்த விஷயத்தில் மனுஷன் சரியான பிடிவாதக்காரர்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த பெண்டாட்டி டோரீன், ரேடியேட்டர் சுட வேண்டும் என்கிற கட்சியின் தலைவி. அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரே ஒரு கரி அடுப்புதான். மாடி ஜன்னலில் உள்பக்கமே பனி உறைந்திருக்குமாம். கம்பளி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் முதல்முதலாகச் சுடச்சுட நீராவிக் குழாய்களைப் பார்த்தாள். இடைவேளையில் பெண்களெல்லாம் வரிசையாக அந்தக் குழாயில் முதுகைச் சாய்த்து நின்று டீ குடிப்பார்களாம். உலகத்தில் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அதுதான் என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆலை மூடிய பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வேலைக்குப் போனாள்.

தன் வீட்டுக்கு நெவில் ஒரு சின்ன பாய்லரையும் அகலமான ரேடியேட்டர்களையும் மாட்டியிருந்தார். அக்டோபரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை அது பூனை முனகுவதுபோல் எரிந்துகொண்டே இருக்கும். கூடம், மாடி, குளியலறை எல்லாம் ஒரே கதகதப்பு. ஊரில் மற்ற பாய்லர்களெல்லாம் இரண்டு தலைமுறை மாறிய பிறகும் அது நோய்நொடி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டோரீன் காலையில் இறங்கி வந்ததும் கூடத்து ரேடியேட்டரில் கையை வைப்பாள்.

"ஊருக்கெல்லாம் சூடு போடற ஆளு வீட்டுல பாரு, பொணம் மாதிரி கெடக்கு."

"காலப் பாருடி" என்பார் நெவில், பேப்பரிலிருந்து தலை தூக்காமலே.

அவள் குனிந்து தன் காலைப் பார்ப்பாள். ஜனவரி மாதத்தில் காலுறைகூட இல்லாமல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பாள். உடனே ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே அவர் தினமும் அந்த வார்த்தையைச் சொன்னார். ஜானின் என்ற அவர்கள் மகள் அந்தச் சத்தத்தில்தான் தினமும் கண் விழித்தாள். கல்யாணமாகிப் பக்கத்து நகரமான லீட்ஸுக்குப் போன பிறகும் போனில் "அம்மா, ரேடியேட்டர் எப்படி இருக்கு?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள்.

நெவில் தொழிலை விட்ட சில வருஷங்களில், வெகுநாளாகச் சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த டோரீனுக்கு மறதியும் வந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமலே சுவிட்சைப் போட்டாள். மறதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனபோதும் அந்தக் கைப்பழக்கத்தை மட்டும் விட்டுவைத்தது. காலையில் வருவாள், ரேடியேட்டரில் கையை வைப்பாள், முகம் கறுத்துவிடும்.

"கணப்பு நின்னு போச்சு. ஆளக் கூப்பிடு."

"காலப் பாருடி."

அவள் காலைப் பார்க்கமாட்டாள். அவரைப் பார்ப்பாள். குளிருகிறது என்று ஒருத்தி அழும்போது இந்த ஆள் என்ன காலைப் பற்றிப் பேசுகிறான் என்பதுபோல. நெவில் சுவரில் தெர்மாமீட்டர் மாட்டிக் காட்டினார். ரேடியேட்டரைத் திறந்து மூடி, தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். உண்மையெல்லாம் அவர் பக்கம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

பக்கத்து வீட்டு ரிஃபத்திடம் போய் உட்கார ஆரம்பித்தாள் டோரீன். ரிஃபத் வீட்டில் வேறு எவனோ மாட்டிய ராட்சச பாய்லர், ரேடியேட்டரெல்லாம் தகதகவென்று கொதிக்கும். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ரிஃபத் சப்பாத்தி தேய்ப்பதைப் பார்த்தபடி மணிக்கணக்கில் இருப்பாள். நெவில் கூப்பிடப் போனால் ரிஃபத் தடுப்பாள்.

"இருக்கட்டும் அங்கிள். ஆன்ட்டி இங்க சந்தோஷமா இருக்காங்க. நீங்க போய் ஒரு தூக்கம் போடுங்க."

நல்ல மனசு அவளுக்கு. ஆனால் அவளுக்கும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை இருந்தது. ஜனவரியில் ஒருநாள் காலை நெவில் முகம் மழித்துக்கொண்டிருந்த நேரத்தில் டோரீன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்க ஆளில்லை. அப்படியே இரவு உடுப்போடு, வெறுங்காலோடு, உறைபனியில் மேட்டிலிருந்து இறங்கி நடந்துவிட்டாள். பழைய கம்பளி ஆலை இப்போது அடுக்குமாடி வீடு. அதன் வாசலில் நின்று, உள்ளே விடுங்கள், குழாயண்டை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தவளை அந்தப் பக்கம் வந்த தபால்காரர் கண்டுபிடித்தார்.

முதியோரைக் கவனிக்கும் நகராட்சி கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து பேசினாள். கெட்ட பெண் என்று சொல்ல முடியாது, சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள். இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனால் டோரீனை வீட்டில் வைத்திருக்க முடியாது, காப்பகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றாள். டோரீன் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளை டீகூட நெவில் குடித்ததில்லை.

அந்தப் பெண் போன பிறகு, அன்று லீட்ஸிலிருந்து வந்திருந்த ஜானின் தன் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்பா, அந்த பாய்லரக் கூட்டி வச்சாத்தான் என்ன?"

"அது தப்பு ஜானின். வீடு நல்லாத்தானே இருக்கு."

"யாருக்குத் தப்பு? பாய்லருக்கா? அம்மாவுக்கா?"

மறுநாள் காலை நெவில் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் பாய்லரின் முன்மூடியைக் கழற்றினார். எத்தனை வருஷம் எத்தனை பேர் கெஞ்சியும் செய்யாத காரியத்தைத் தன் கையால் செய்தார். தண்ணீரின் சூட்டை உச்சத்துக்கு ஏற்றினார். அப்படியே விட்டால் வீடு முழுக்க வெந்துபோகும் என்பதால் மாடி ரேடியேட்டர்களையும் பின்னறையில் இருந்ததையும் அடைத்துவிட்டு, கூடத்தில் ஒன்று, வாசல் நடையில் ஒன்று, இரண்டை மட்டும் திறந்து வைத்தார். சின்ன பாய்லர்தான், ஆனாலும் வெறும் இரண்டு ரேடியேட்டருக்கு அதன் மிகச்சிறிய தீகூட அதிகம். இனி அது அணைந்து அணைந்துதான் எரியும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார்.

டோரீன் இறங்கி வந்து கையை வைத்தாள். வெடுக்கென்று எடுக்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தான் இது வீடு" என்றாள்.

இதை முதலிலேயே செய்திருந்தால் அவள் பனியில் நடந்திருக்கமாட்டாளே என்று நெவில் சமையலறைக்குள் போய் நின்று அழுதார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் நன்றாகவே போனது. அவள் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து டீ குடித்தாள். அவர் பனியனோடு உட்கார்ந்து, பிப்ரவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். இப்படி ஜன்னலைத் திறந்து வைத்த வாடிக்கைக்காரர்களை அவர் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறார். ரிஃபத் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், உங்க வீடு இப்ப எங்க வீட்ட விட மோசமா இருக்கு."

ஆனால் சத்தம் வந்துவிட்டது. அதுவரை முனகலாக மட்டும் இருந்த பாய்லர் இப்போது ஒவ்வொரு முறை பற்றும்போதும் 'தப்' என்றது. உறுமியது, அணைந்தது. சற்று நேரத்தில் மறுபடி 'தப்'. அந்தச் சத்தம் நெவிலுக்குப் பல்லைக் கூசச் செய்தது. டோரீனுக்கு அது வேறு எதையோ ஞாபகப்படுத்தியது. முதல் தடவை கேட்டதும் தலையைத் தூக்கினாள்.

"வேன் கதவு சாத்துற சத்தம். நெவில் வந்துட்டாரு."

எழுந்து வாசலுக்குப் போனாள். சாத்தியிருந்த கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நெவில் பின்னாலேயே போய் அவள் தோளைத் தொட்டார்.

"நான் இங்கதான் இருக்கேன் டோரீன்."

அவள் மரியாதையாகச் சிரித்தாள். "நீங்க ரிப்பேருக்கு வந்தவரு. எனக்குத் தெரியும். நீங்க உங்க வேலையப் பாருங்க. அவரு வந்தா டீ போடறேன், நீங்களும் குடிச்சிட்டுப் போலாம்."

பாய்லர் பற்றும் ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அவள் நினைப்பில் நாள் முழுக்க நெவில் வந்துகொண்டே இருந்தார், ஒரு தடவையும் உள்ளே வரவில்லை. தீயைக் குறைத்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும். குறைத்தால் குளிருகிறது என்று பனியில் இறங்கிப் போவாள். இரண்டில் எது மேல் என்று நெவில் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் கூடத்து நாற்காலியை வாசல் நடைக்கு நகர்த்திப் போட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கட்டும், எழுந்து எழுந்து நடக்க வேண்டாம் என்றுதான் போட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில்தான் அந்த நடை ரேடியேட்டர்.

மார்ச் மாதத்தில், அத்தனை வருஷம் நோய் என்றால் என்னவென்றே தெரியாமல் ஓடிய பாய்லர் நின்றுபோனது. தீப்பொறி முனை தேய்ந்துவிட்டது. நெவில் பழைய பெட்டியைக் கிளறி ஒரு முனையைத் தேடி எடுத்து மாட்டினார். மாட்டிய பிறகு முழுத்தீயில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும், அது தொழில் வழக்கம். முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தீயின் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் மறுபடி தொழில்காரராக இருந்தார், வேறு ஒன்றும் நினைவில் இல்லை. நன்றாகத்தான் எரிந்தது.

நடைக்கு வந்தபோது டோரீன் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கை ரேடியேட்டர்மேல் விரித்து வைத்தபடி இருந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சூடு வந்துருக்கு" என்றாள் அவரிடம். "ஆனா பத்தல."

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்ட டாக்டர், அவளுக்கு எவ்வளவு காலமாகச் சர்க்கரை இருக்கிறது என்று கேட்டார். நெவில் சொன்னார். டாக்டர் அவள் விரல் நுனிகளை ஊசியின் மழுங்கிய முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். டோரீன் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரையால இந்தக் கையில உணர்ச்சி போயி ரொம்ப நாளாச்சு. சூடு, குளிரு ரெண்டும் சரியாத் தெரியாது. கால்லயும் அப்படித்தான்."

சூட்டைத் தப்பாகச் சொல்லும் சென்சாரை நெவில் எத்தனை பாய்லர்களிலிருந்து கழற்றி மாற்றியிருக்கிறார். தண்ணீர் சரியாக இருக்கும், தீ சரியாக இருக்கும், சூட்டைப் பார்த்துச் சொல்கிற அந்தச் சின்னப் பொருள்தான் பொய் சொல்லும். அதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இத்தனை நாள் வீட்டைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார். அவள் கையை மட்டும் அவர் ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

ஜானின் லீட்ஸிலிருந்து ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"நான்தானேப்பா கூட்டச் சொன்னேன்."

"நீ சொன்னது சரிதாம்மா. அவ சந்தோஷமா இருந்தா."

கவுன்சில் பெண் இந்தத் தடவை அதிகம் பேசவில்லை. டோரீனை நகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அவள் பெட்டியை நெவில்தான் அடுக்கினார். அதில் காலுறை வைக்க மறந்துபோனார். அந்த வீட்டில் அவள் காலுறை போட்டே பழக்கமில்லை.

தனியாகத் திரும்பி வந்தவர் பாய்லரை மறுபடி குறைத்து வைத்தார். அடைத்த ரேடியேட்டர்களையெல்லாம் திறந்துவிட்டார். அது தன் பழைய முனகலுக்குத் திரும்பியது, வீடு முழுக்கச் சீரான கதகதப்பு பரவியது. இனி இன்னும் பல வருஷம் ஓடும். அதைக் கேட்டுக்கொண்டு இருக்கப் பிடிக்காமல் மனுஷன் தினமும் மத்தியானம் பஸ் பிடித்துக் காப்பகத்துக்குப் போய்விடுவார்.

அங்கே ரேடியேட்டர்களுக்கெல்லாம் மரப்பெட்டி போட்டு மூடியிருந்தார்கள். யாரும் தொட்டுச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று. டோரீன் சுவரோரமாக நடந்து நடந்து கையால் தடவித் தேடினாள். பலகைதான் தட்டுப்பட்டது. முதல் வாரம் முழுக்க அவள் அப்படித் தேடியதாகத் தாதி ஒருத்தி சொன்னாள்.

ஒருநாள் நெவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. அவள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். குளிருகிறது என்கிறாளா என்று அவர் குனிந்தார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிப் பார்ப்போம் என்று அந்தப் பழைய வார்த்தையைச் சொன்னார்.

"காலப் பாருடி."

டோரீன் குனிந்து பார்த்தாள். நெவில் அந்தப் பழைய சிரிப்புக்காகக் காத்திருந்தார். காலில் காப்பகம் கொடுத்த நீலக் கம்பளிச் செருப்பு இருந்தது. அதை நெடுநேரம் பார்த்தாள்.

"இது யாருது?" என்றாள். "பாவம், தேடுவாங்க."

பிறகு இடது கையை நீட்டித் தடவினாள். பெட்டி மூடாத ஒன்று அகப்பட்டது, நெவிலின் கை. அதன்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்து, தலையைச் சாய்த்து, பழைய மாதிரியே பார்த்தாள். அவர் அசையவில்லை.

"இதுவும் சுடல" என்றாள். அவர் கண்ணைப் பார்த்ததும் குரல் கனிந்தது. "அழாதீங்க. இதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலையே இல்ல. வேன் சத்தம் கேட்டா சொல்லுங்க, அவர இங்க வந்து பாக்கச் சொல்றேன்."

"சொல்றேம்மா" என்றார் நெவில்.

அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.